வெடி கொடுத்த நான்கு குழாய்கள்

அவளை எல்லோரும் வெடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சிரித்தால் முட்டைக் கொட்டகையின் தகரக் கூரை அதிரும், அதனால் வந்த பெயர். கோழிப்பண்ணை முட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரத்தப்புள்ளி உள்ளதை ஒதுக்கி, நல்லதை அட்டையில் அடுக்குவது அவள் வேலை. பாம்பு வந்தால் கம்பெடுப்பவளும் அவள்தான், முதலாளியிடம் எதிர்த்துப் பேசுபவளும் அவள்தான். மற்ற பெண்கள் தங்களுக்குப் பயமானதையெல்லாம் அவள் தலையில் கட்டிவிடுவது அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு தைரியசாலி கிடைத்தால் விடுவார்களா?

குழாய் விஷயமும் அப்படித்தான் நடந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்காக ஊர் ஊராகப் போகும் நர்ஸ் ஒருத்தி வந்து, ஆளுக்கொரு சின்னக் குழாய் கொடுத்தாள். உள்ளே ஒரு பிரஷ். மறைவாகப் போய், பிறப்புறுப்புக்குள் மெதுவாக விட்டுச் சுற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடித் தரவேண்டும்.

"யாரும் உங்களைப் பார்க்க மாட்டாங்க, வலிக்காது. அந்த நோயைக் கொண்டுவர்ற கிருமி இருக்கான்னு இதுல தெரிஞ்சிடும். முன்னாடியே தெரிஞ்சா நோய் வராமலே தடுத்திடலாம்" என்றாள் நர்ஸ்.

நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் புற்று என்ற சொல் விழுந்ததுமே பாதிப் பேருக்குக் காது அடைத்துவிட்டது. எடை போடுகிறவள் குழாயைத் தொடவே மாட்டேன் என்றாள். பெட்டி ஒட்டுகிறவளுக்கு, கிருமி இருப்பதாக வந்தால் வீட்டுக்காரன் என்ன கேட்பானோ என்ற பயம். வெடியின் நாத்தனார், அதாவது அவள் கணவனின் தங்கை, கொட்டகையைக் கூட்டிக் கழுவுகிறவள். அவள் தன் குழாயைக் கொண்டுவந்து வெடியின் மடியில் வைத்தாள்.

"எனக்கும் சேர்த்து நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க அண்ணி."

"அடிப்பாவி, இதென்ன பஸ்ல சீட்டுப் பிடிக்கிற கதையா, ஒருத்திக்காக இன்னொருத்தி துண்டு போட?" என்று சிரித்தாள் வெடி.

சிரித்துக்கொண்டே நாத்தனார், எடைக்காரி, பெட்டி ஒட்டுகிறவள் மூன்று பேருடைய குழாய்களையும் வாங்கிக்கொண்டு தன்னுடையதோடு கழிப்பறைக்குப் போனாள். தனக்கு ஒன்றும் இருக்காது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தன் நல்ல உடம்பை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக் கொடுப்பதாகத்தான் நினைத்தாள். இந்த மாதிரி முட்டாள்தனம் நல்ல மனசுக்காரர்களுக்குத்தான் தோன்றும்.

சில வாரங்கள் போயின. ஒருநாள் காலை எடைக்காரி பேயறைந்தவள் மாதிரி வந்தாள். கேட்டால் தலைவலி என்றாள். மத்தியானம் பெட்டி ஒட்டுகிறவள் சோற்றைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வெடி நின்று வேலை பார்க்கும் இடத்தில் யாரோ ஸ்டூல் போட்டிருந்தார்கள். அவள் தூக்கப்போன அட்டைகளை எடைக்காரி பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்கக்கா, நான் எடுக்கிறேன்."

"என்னடி, நான் என்ன பிள்ளைத்தாச்சியா?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் போனால் பேச்சு நின்றது. நாத்தனார் அவள் முகத்தையே பார்க்கவில்லை. எதையோ மறைக்கிறார்கள் என்று வெடிக்குப் புரிந்தது. பயந்து பழக்கமில்லாதவள் அவள். என்ன செய்வதென்று தெரியாமல் கைதவறி முட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் நர்ஸ் நேரிலேயே வந்துவிட்டாள். வெடியின் போன் கெட்டுக் கிடந்ததால் கூப்பிட முடியவில்லையாம். தீவன மூட்டைகள் அடுக்கிய அறைக்குத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"உங்க குழாயில கிருமி இருக்குன்னு வந்திருக்கு அக்கா. பயப்படாதீங்க, இது புற்றுநோய்னு அர்த்தமில்ல. ஆஸ்பத்திரிக்கு வந்தா உள்ள பார்ப்பாங்க. ஏதாவது இருந்தா ஆரம்பத்துலயே சரி பண்ணிடலாம்."

பயப்படாதீங்க என்று சொன்னால் பயம் போய்விடுமா? மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற வெடிக்கு அந்த ஸ்டூல் நினைவு வந்தது, எடைக்காரியின் தலைவலி நினைவு வந்தது. மூவருக்கும் கிருமி இருக்கு என்று போன் வந்திருக்கிறது. அவர்கள் பெயரில் வந்ததெல்லாம் தன்னுடையது. தனக்கு முன்னால் கொட்டகை முழுக்கத் தெரிந்திருக்கிறது.

வெளியே வந்தாள். மூவரும் கதவோரம் நின்றிருந்தார்கள்.

"எப்படிக்கா உங்ககிட்ட சொல்றது?" என்று எடைக்காரி அழுதாள்.

பெட்டி ஒட்டுகிறவள் வெடியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நர்ஸம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா. மானம் போயிடும்."

"மானம் போனா திரும்பி வரும்டி. உசிரு போனா வருமா?" என்று அவள் கையை உதறிவிட்டு, வெடி திரும்பிப் போய் நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

நர்ஸ் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை. "அப்போ அவங்க மூணு பேருக்கும் இன்னும் சோதனையே நடக்கல" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்கு வெடிக்குத் துணையாக நாத்தனார் வந்தாள். நடையில் போட்டிருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஏதோ இரும்புத் தட்டு விழும் சத்தம் கேட்டது. புண் இருக்குமோ, முற்றிப் போயிருக்குமோ, பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று வெடியின் மனசு கண்டபடி ஓடியது.

"பயமா இருக்குடி" என்றாள் வாய்விட்டு. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நாத்தனார் கேட்டதே இல்லை. நாத்தனாரின் முகம் கோணியது.

"அண்ணி, எனக்கு மாசாமாசம் வர்றது நின்னு ரெண்டு வருஷமாச்சு. இப்ப கொஞ்ச நாளா மறுபடி ரத்தம் படுது. துணியை ஒளிச்சு ஒளிச்சுத் துவைக்கிறேன். ஏதோ இருக்குன்னு எனக்குத் தெரியும். அதான் குழாயை உங்ககிட்ட குடுத்தேன். உங்களுக்கு நல்லபடியா வரும், அதையே என்னோடதுன்னு வெச்சுக்கிட்டு நிம்மதியா இருந்துடலாம்னு நெனச்சேன்."

வெடிக்குத் தன் பயம் போகவில்லை. அதைவிடப் பெரியதாக இன்னொன்று அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. தனக்கு ஒன்றுமில்லை என்று வந்திருந்தால் இவளுக்கும் ஒன்றுமில்லை என்றுதான் வந்திருக்கும். இவளும் துணியை ஒளித்துத் துவைத்துக்கொண்டே இருந்திருப்பாள்.

"எனக்கு நல்லதுன்னு வந்திருந்தா உன்னை நானே குழியில தள்ளியிருப்பேனேடி" என்றாள்.

கதவு திறந்தது. குழாய் கொடுத்த அதே நர்ஸ் வெடியைக் கூப்பிட்டாள். வெடி எழுந்து, நாத்தனாரின் தோளைப் பிடித்துத் தனக்கு முன்னால் நிறுத்தினாள்.

"முதல்ல இவளைப் பாருங்க. இவ உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

நாத்தனார் பின்வாங்கினாள். "நீங்களே சொல்லிடுங்க அண்ணி."

"மாட்டேன்" என்றாள் வெடி. "நான் பக்கத்துல நிக்கிறேன். நீதான் சொல்லணும்."

நாத்தனார் நர்ஸின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.