கடற்பஞ்சில் ஒரு நூல்பிசிறு

காலை 7.10. ஆவடி குடியிருப்பிலிருந்து நானும் மகள் ஜெசிந்தாவும் பூந்தமல்லிக்குப் புறப்பட்டோம். பத்து கிலோமீட்டர்தான், இதெல்லாம் ஒரு பயணமா என்பீர்கள். என் மடியில் இருந்ததோ, ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து வந்த ஜீவன்! கண்ணாடி ஜாடி நிறைய ஸ்பிரிட். அதில் வெள்ளைக் கடற்பஞ்சு. பஞ்சைக் கட்டிக்கொண்டு ஒரு நொறுங்கு நட்சத்திரம். நட்சத்திர மீனுக்கு அது தங்கை முறை. ஐந்து கையும் நூல் நூலாக இருக்கும். ஜெசிந்தாவின் நான்கு வருட ஆராய்ச்சி அது. தான் படித்த பள்ளியில் காட்டுவதற்காக ஆய்வுக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்தாள்.

பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாமல் ஒரு தப்பும் செய்திருந்தேன். சீருடைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தைத்தவள் நான். பிசிறு தொங்கினால் உடுப்பு திரும்பி வந்துவிடும். காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது, பஞ்சிலிருந்து நூல் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கை சும்மா இருக்குமா? மூடியைத் திறந்து, கத்தரியை விட்டு, நறுக்! அது அடியில் விழுந்த பிறகுதான் முள் முள்ளாக இருப்பது தெரிந்தது. அடிப் பாவி, நட்சத்திரத்தின் கையையல்லவா வெட்டிவிட்டேன்! ஜாடியைத் துண்டால் சுற்றிவிட்டேன்.

7.25. ஷேர் ஆட்டோ, ஆளுக்கு நாற்பது ரூபாய். பருத்திப்பட்டு ஏரி தாண்டியதும் ஓட்டுநர் கேட்டார்.

"இன்னாக்கா அது, ஊறுகாயா?"

"எம் பொண்ணு ஆராய்ச்சி பண்றதுப்பா. ஆழ்கடல் ஜீவராசி."

"அடி தூள்! பள்ளம் வந்துகினே கீது, கெட்டியா புட்ச்சிக்கோக்கா."

செந்நீர்க்குப்பத்தில் அவளிடம் சொல்லிவிட்டேன். துண்டை விலக்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"கிடைச்சது இது ஒண்ணுதாம்மா."

ஜாடியை மறுபடி சுற்றித் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

8.40. பள்ளிக்கூடம். சில நட்சத்திர மீன்கள் பஞ்சையே தின்னும்; இதுவோ பஞ்சின் மேலேறி, நீரோட்டத்தில் கையை விரித்து இரை பிடிக்கும் என்று ஜெசிந்தா சொல்லச் சொல்ல, பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

"அக்கா, ஒரு கை மட்டும் ஏன் கட்டையா இருக்கு?" என்றாள் ஒருத்தி.

இந்தப் பிராணி தானாகவே கையை உதிர்க்குமாம். அப்படிச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். எழுந்துவிட்டேன்.

"நான்தாம்மா வெட்டினேன். நூல்பிசிறுன்னு நெனச்சிட்டேன்."

கொல்லென்று சிரிப்பு. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெட்டுப்பட்ட கையை ஜாடியிலிருந்து எடுத்து லென்ஸின் கீழ் வைத்தாள். உள்ளே முதுகெலும்பு மாதிரி கண்ணி கண்ணியாக எலும்பு!

"இதைப் பார்க்க நானே ஒரு கையை வெட்டணும். மனசு வராம இருந்தேன்" என்றாள். பிறகு ஒரு சீட்டில், ஸ்பிரிட்டில் அழியாதபடி பென்சிலால் எழுதினாள்: 'ஒரு கை வெட்டப்பட்டது. வெட்டியவர்: மரியபுஷ்பம்.'

"என் பேரை எதுக்குடி?"

"நடந்ததை மறைக்கக் கூடாதும்மா. எழுதித்தான் வைக்கணும்."

சீட்டை ஜாடிக்குள் போட்டு மூடினாள். நான் தைத்த ஆயிரக்கணக்கான சீருடைகளில் ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. ஆழ்கடல் ஜீவனோடு இனி அது இருக்கும். குற்றவாளியாகத்தான், இருக்கட்டுமே!