பிள்ளை மடுவத்தில் இடமில்லை

புதுத்துணியின் வாசனை தீபாவளியை நினைவூட்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். கஞ்சியும் சாயமும் மெஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனை, கண்டிக்கு அருகே பன்விலைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்கள் ஒற்றை அறையான "காம்பரா"வுக்குள் என் பத்தாவது வயதில் வந்து குடியேறியது. அம்மாவின் தலைமுடியில், முந்தானையில், அவள் பிசைந்து தருகிற சோற்றில்கூட அது இருந்தது. அதற்கு முன் அம்மாவிடம் இருந்தது பச்சைக் கொழுந்தின் வாசனை. அதுவும் ஒன்றும் பன்னீர் இல்லை, அட்டை கடித்த ரத்தமும் வியர்வையும் சேர்ந்ததுதான். ஆனால் அந்த வாசனையோடு இருந்த அம்மாவைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க முடிந்தது. புதுத்துணி வாசனையோடு வந்தவள் இருட்டில் போய் இருட்டில் திரும்பினாள்.

தோட்டத்தில் அப்போது வாரத்தில் பாதி நாள்தான் பேர் போட்டு வேலை கொடுத்தார்கள். பல்லேகலைப் பக்கம் "காமண்ட்" என்கிற ஆடைத் தொழிற்சாலை திறந்து, தோட்டம் தோட்டமாக பஸ் அனுப்பிப் பெண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மழையில் நனைய வேண்டாம், கூடை சுமக்க வேண்டாம், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்த வேலை என்று அழைப்பு. அம்மா தோட்டத்தில் தன் பேரை வெட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ஒருமுறை வெட்டிய பேரைத் திரும்பப் பதிவது லேசில்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. பிள்ளை மடுவத்தை மட்டும் அவள் யோசிக்காமல் விட்டுவிட்டாள்.

"பிள்ளை மடுவம்" என்பது மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற தகரக்கூரைக் கட்டடம். தொட்டில்களையும் அழுகைகளையும் ஓர் ஆயம்மா பார்த்துக்கொள்வாள். தாய்மார் வேலைக்கு நடுவே ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலையேறுவார்கள். அம்மா காமண்டுக்குப் போன முதல் நாள், பால்குடி மறக்காத தம்பியைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே போனேன். பால் குடிக்கிற பிள்ளைக்குப் பால் கொடுக்க வருகிற தாய் இருந்தால்தான் இடம், தோட்டத்து உத்தரவு அப்படி என்று ஆயம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாள். அவளுக்கும் சங்கடம்தான். ஆனாலும் தம்பி என் இடுப்பிலேயே திரும்பி வந்தான்.

அப்பா தோட்டத்தில் செடிகளுக்கு மருந்தடிக்கிறவர், அதிகம் பேசாதவர். பேசிய கொஞ்சமும் எனக்குப் பாதகமாகவே அமைந்தது. "பொம்பளப் புள்ளதானே, கொஞ்ச நாளைக்கு வீட்ல நிக்கட்டும்" என்றார். நான் ஐந்தாம் வகுப்பு. அந்த வருஷம் புலமைப்பரிசில் பரீட்சை. எங்கள் டீச்சர், இந்தப் பிள்ளை பாஸ் பண்ணி கண்டியில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அதை நான் முழுக்க நம்பியிருந்தேன், அதுதான் வினை.

தம்பி தவழ்ந்து படியில் விழாதபடி காம்பரா வாசலை ஒரு பலகையால் அடைத்து வைத்திருந்தோம். அது அவனுக்காக வைத்த பலகை. அதற்கு உள்ளே இருந்தது நாங்கள் இரண்டு பேரும். பலகைக்கு மேலாகப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதை தெரியும். காலையில் வெள்ளைச் சட்டைகள் அதில் இறங்கிப் போகும், மத்தியானம் அழுக்கோடு ஏறிவரும். நடுவில் உள்ள நேரம் முழுவதும் நான் மூத்திரத்துணி அலசினேன், கஞ்சி காய்ச்சினேன், அடுப்புப் பக்கம் போகிறவனைக் காலைப் பிடித்து இழுத்தேன். ஒருநாள் அவனையும் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். கணக்குப் பாடம் முழுவதும் அவன் அலறினான். பிள்ளையை எங்கேயாவது விட்டுவிட்டு வாம்மா என்று டீச்சர் அன்பாகத்தான் சொன்னார். அந்த எங்கேயாவது எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

அம்மா காமண்டில் நாள் முழுக்கச் சட்டைக் கொலர் மட்டும் தைத்தாள். அந்தச் சட்டைக்குக் கை யார் வைத்தார்கள், பொத்தான் யார் வைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சீக்கிரம் என்பதற்கு அங்கே சிங்களத்தில் "இக்மன், இக்மன்" என்று விரட்டுவார்களாம். அந்தச் சொல் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. எனக்குத் தலை வாரும்போது இக்மன், தம்பிக்குச் சோறு ஊட்டும்போது இக்மன். அவன் வாயைத் திறக்குமுன் அடுத்த கவளம் நிற்கும்.

பக்கத்துக் காம்பரா பாக்கியம் அத்தைதான் ஒருநாள் பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கொழுந்தெடுக்கிறவள், தம்பி வயதில் அவளுக்கும் ஒரு பெண் குழந்தை. நான் அப்போது அழுதுகொண்டிருந்தேன், தம்பியும் அழுதுகொண்டிருந்தான். அவள், "அவனையும் மடுவத்துல போடு. ஒரு பக்கம் எம் மகளுக்கு, ஒரு பக்கம் அவனுக்கு. எனக்கு என்ன கொறஞ்சு போகுது?" என்றாள்.

மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. பால் கொடுக்க ஒரு தாய் வந்துவிட்டதால் ஆயம்மாவும் ஒரு தொட்டிலைக் காட்டினாள். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். விட்டுப்போன பாடங்களை எல்லாம் வெறிபிடித்த மாதிரி எழுதினேன். அம்மாவிடம் தானே சொல்வதாக அத்தை சொல்லியிருந்தாள். ஆனால் அம்மா வருகிற நேரத்தில் அத்தை படுத்துவிடுவாள். அப்பாவுக்குத் தெரியும், அவரும் அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக நான் பள்ளிக்கூடம் போனது அந்த நாட்களில்தான்.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு பாக்கியம் அத்தை அந்த வழியாக வந்தாள். தம்பி அம்மாவின் மடியிலிருந்து நழுவி, இரண்டு கையையும் நீட்டி அத்தையிடம் தாவினான். அவள் தூக்கியதும் சட்டையைப் பிடித்து இழுத்து மார்பைத் தேடினான். அத்தை சிரிக்கப் பார்த்து, அம்மாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

காமண்டில் அம்மாவுக்குப் பால் கட்டிக்கொள்ளுமாம். கழிவுத் துணியைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு தைப்பாளாம். தாங்காதபோது அனுமதி கேட்டு, கக்கூஸில் பிழிந்து ஊற்றிவிட்டு வருவாளாம். இதெல்லாம் பின்னாளில் அவளோடு வேலை செய்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் பார்த்தது, அம்மா எழுந்து தம்பியை வாங்கிக்கொண்டதை மட்டும்தான்.

"எம் புள்ளைக்கு நான் உசுரோடதான் இருக்கேன்" என்றாள். அத்தையைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து, "நாளையில இருந்து நீ வீட்ல நில்லு" என்றாள்.

நான் கெஞ்சினேன், சாப்பிடாமல் கிடந்தேன், பரீட்சை முடியும் வரைக்குமாவது என்று காலைப் பிடித்தேன். அம்மா மசியவில்லை. காமண்டை விட்டால் தோட்டத்தில் அவளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லாமல் அடுப்பு எரியாது. மகனை இன்னொருத்தி மாரில் பார்க்கவும் அவளால் முடியவில்லை. மிச்சமிருந்தது நான் ஒருத்தி. பரீட்சை அன்று காலை வெள்ளைச் சட்டைகள் பாதையில் இறங்கிப் போனதைத் தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வளர்ந்து கண்டியில் ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கும் வேலைக்குப் போனேன். மடித்ததையெல்லாம் வாசித்தேன், என் படிப்பு அதுதான்.

இன்று பிள்ளை மடுவத்தின் கூரைத் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், சுவரில் கொடி ஏறியிருக்கிறது. பாக்கியம் அத்தை இல்லை, அப்பாவும் இல்லை. எங்கள் லயத்தில் கொழுந்துக்குப் போகிறவர்களே அரிது. பஸ் மட்டும் தவறாமல் வருகிறது. அதில் போகிறவள் இப்போது தம்பியின் மனைவி. அவர்களுக்கு மூத்தது பெண், ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், இளையது கைக்குழந்தை. மனைவி வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கியபோது, கொழும்புக் கடையில் வேலை செய்யும் தம்பி போன் போட்டு, மூத்தவள் கொஞ்ச நாளைக்கு வீட்டில் நிற்கட்டுமே என்றான். யாருடைய இடுப்பில் வளர்ந்தோம் என்பது அவனுக்குத் தெரியும். அதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பதை நாங்கள் அவனுக்குச் சொன்னதில்லை. அச்சகத்தை விட்டுவிட்டு நானே வந்தேன். இந்த முறை யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்; ஆனாலும் பஸ் புறப்பட்டுப் போனதும் பாதையைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றுவிடுகிறேன்.

போன வாரம் மூத்தவள் சப்பாத்து மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். கதிரையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கொலர் கொலராகத் தைத்ததில் போன கண். ஓடுகிற சத்தம் பாதையில் அடங்கும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அன்னிக்குப் பாக்கியத்தையே பால் குடுக்க விட்டிருக்கணும் நான்" என்றாள்.

இத்தனை வருஷம் கழித்து இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கோபம்தான் வந்தது. பிள்ளை எழுந்து பசிக்கு அழுதது. அதைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்து, பால் போத்தலை அவள் கையில் கொடுத்தேன்.

"நீங்க குடுங்கம்மா. அவசரமே இல்ல" என்றேன்.