மறுபிடிக்கு ஆளில்லாத ரம்பம்

பதவி விலகிய அந்த நவம்பர் செவ்வாய்க்கிழமை, எஸ்டோனியாவின் சாலைத்துறை அமைச்சராக இருந்த வைகே கிவிமேகி அரசு காரின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, ஊருக்குப் போகும் பேருந்தில் ஏறினார். ஓட்டுநருக்கு முகம் தெரிந்துவிட்டது. "டிக்கெட் சொந்தக் காசுதானே, மந்திரியம்மா?" பின்னால் யாரோ சிரித்தார்கள். வைகே டிக்கெட்டைத் தூக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். வண்டி தலைநகர் தாலினைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போனார். அப்படித் தூங்கி ஆறு வருடமாகியிருந்தது.

அவரைக் கவிழ்த்தது ஒரு கொட்டகைக் கூரை. ஊர் கூடி ஒரு வீட்டு வேலையை ஒரே நாளில் முடித்துக்கொடுப்பதற்கு அங்கே தல்குட் என்று பெயர். கூலி கிடையாது, பட்டாணி சூப்பும் பீரும் போதும். வைகே வீட்டுக் கொட்டகைக் கூரைக்கு வந்த பதினெட்டுப் பேரில் பள்ளித்தோழரான ஒரு சாலை ஒப்பந்தக்காரரும் அவருடைய ஆட்கள் ஐந்து பேரும் இருந்தார்கள். நான்கு மாதம் கழித்து அந்த ஒப்பந்தக்காரருக்குச் சாலை வேலை தரும் கோப்பில் வைகே கையெழுத்திட்டார். பத்திரிகைகளில் கூரையின் படம் வந்தது, லஞ்ச விசாரணையும் தொடங்கியது.

"தல்குட்டுக்கு வர்றவன்கிட்ட எதுக்கு வந்தேன்னு யாரு கேப்பா?" என்பார். பிறகு குரல் இறங்கும். "ஆனா அந்தக் கோப்ப நான் தொட்டிருக்கக் கூடாது. அது என் தப்புதான்."

அதிலிருந்து யாருடைய கையும் அவர் வீட்டு வேலையில் படக்கூடாது. ஊறவைத்த காளான் ஒரு புட்டி வந்தால், அன்றே ரை தானிய ரொட்டி ஒன்று அந்த வீட்டுக்குப் போய்விடும். மற்றவர் வீட்டுத் தல்குட்டுக்கும் போவதில்லை. கொட்டகைச் சுவரில் இருவர் இழுக்கும் நீள ரம்பம் துருவேறித் தொங்குகிறது. வருடாவருடம் விறகை ஒற்றையாளாகச் சின்ன ரம்பத்தால் அறுக்கிறார். தோள்பட்டை வீங்கினால் முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டிக்கொள்கிறார்.

பக்கத்து வீட்டு எல்மார், ஓய்வுபெற்ற டிராக்டர் ஓட்டுநர், வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பார்.

"மரத்தோட ஒரு முனையப் பிடிச்சா அதுவும் லஞ்சமா?"

"ஆமா. பேசாமப் போயிடு, உன்னையும் விசாரிப்பாங்க."

"என்னை விசாரிச்சு என்ன கிடைக்கும்? மூட்டுவலிதான்."

பதவி விலகி இரண்டு வருடம் நான்கு மாதம் கழித்து, பனி உருகிக்கொண்டிருந்த ஒரு காலையில், பாதி அறுத்த பிர்ச் மரத்தருகே வைகேயின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து வந்த செய்தி: கூரைக்கும் கையெழுத்துக்கும் தொடர்பு இருந்ததாக ஆதாரமில்லை, விசாரணை முடித்துவைக்கப்படுகிறது.

வேலிக்கு அப்பாலிருந்து எல்மார் கேட்டார்: "யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல. என் கேச மூடிட்டாங்க."

"அப்ப கூரையப் பிரிக்க வேண்டியதில்ல."

வைகே கொட்டகைக்குள் போய் நீள ரம்பத்தை இறக்கினார். ஒட்டடையைச் சட்டைக் கையால் துடைத்தார். மரத்தின்மேல் அதைக் குறுக்கே வைத்து, ஒரு பிடியைத் தான் பற்றிக்கொண்டு, மறுபிடியை வேலிப் பக்கமாகத் திருப்பினார்.