பொன்னாயி போட்ட காப்பித்தொலிக் கட்டி

நாகலூர் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பது பொன்னாயியின் வேலை. உலக யுத்தம் நடந்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களே கரியில் ஓடின. மலையில் வெட்டிய விறகெல்லாம் கரியாகிச் சேலத்துக்கு இறங்கிவிட, தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு ஈரச்சுள்ளிதான் மிஞ்சியது. ஊதி ஊதிக் கண் சிவந்த பொன்னாயி, களத்தோரம் குவிந்து கிடந்த காப்பித்தொலியை ஒருநாள் உற்றுப் பார்த்தாள்.

தொலியை அப்படியே அடுப்பில் போட்டால் புஸ்ஸென்று எரிந்து அடங்கிவிடும். அதனால் சாணியும் கொஞ்சம் செம்மண்ணும் சேர்த்துப் பிசைந்தாள். செங்கல் அச்சில் அடைத்து, மேலே பலகை போட்டு, ஏறிக் குதித்தாள். இறுக வேண்டுமே என்று மறுபடி குதித்தாள். குதிக்கக் குதிக்கச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கரடியூரிலிருந்து மாமன் மகன் அம்மாசி பெண் கேட்டு வந்து நின்றான்.

“ஏம்புள்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா?”

“அடுப்புக்குக் கட்டி போடறனுங்க மாமா. என் கனம் பத்தல, நீங்களும் ஏறுங்க!”

வெள்ளை வேட்டியோடு ஏறிவிட்டான். ஒரே பலகையில் இருவர். ஒருவர் தோளை ஒருவர் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. பொன்னாயியின் அம்மா வீராயி தலையில் அடித்துக்கொண்டாள்.

“பொண்ணு கேக்க வந்தவன இப்பிடி மிதிக்க உட்டுட்டயேடி!”

“சும்மா இருங்கத்தை, நொம்ப நல்லாருக்குது!” என்றான் அம்மாசி.

அன்றைக்கே தாம்பூலம் மாற்றியாயிற்று. சித்திரை வெயிலில் கட்டிகள் கல்லாகக் காய்ந்து பரண் ஏறின.

ஐப்பசியில் கல்யாணம். தாலி கட்டிய கையோடு மழை கொட்டியது. சமையல்காரர் சித்தன் ஓடி வந்தார். “ஏனுங்க, வெறகெல்லாம் நனஞ்சு போச்சு. தண்ணிகூடச் சுடாதுங்க!”

மணப்பெண் எழுந்து பரணை நோக்கி ஓடினாள். முந்தானையோடு துண்டு முடிச்சுப் போட்டிருந்ததால் மாப்பிள்ளையும் கூடவே ஓடவேண்டியதாயிற்று. கட்டிகள் கைமாறிக் கைமாறி அடுப்புக்குப் போயின. முதலில் புகைந்தன. பிறகு செக்கச்செவேலென்று கனிந்தன.

“அம்மணி, தணல் நிக்குதுங்க!” சித்தன் கரண்டியோடு ஓர் ஆட்டம் போட்டார்.

சோறு பொங்கியது. மேளக்காரர் மேளத்தை அந்தத் தணலில் காய்ச்சி அடிக்க, விருந்துக்கு வந்த கிளியூர்க்காரர்கள் ஆட, வீராயியும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். மறுநாள் மழை விட்டும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எழவில்லை. கடைசியில் விருந்தாளிகளை வீட்டில் விட்டுவிட்டு, புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும்தான் கரடியூருக்குக் கிளம்பினார்கள்.

அவர்கள் போய்ச் சேருமுன்பே சேதி போய்விட்டிருந்தது. வாசலில் ஆரத்தித் தட்டுக்குப் பின்னால், தொலி மூட்டைகளோடு பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள்.