கண்ணாடிக் கூண்டில் நோரீன்

இல்லை, ஜனவரியில் என் மனைவி நோரீனுக்கு லீவு கிடைக்காது. சிட்னி படகுத்துறையில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஊரில் என்னென்ன பார்க்கலாம் என்று வருகிறவர்களுக்குச் சொல்வது அவள் வேலை; இங்கே ஜனவரிதான் கோடை விடுமுறைக் கூட்டம். கூட வேலை பார்ப்பவள் காய்ச்சலில் படுத்துவிட்டதால், காலையிலிருந்து கடைசிப் படகு வரை இவள்தான்.

அக்கரையில், மேன்லியில், எங்கள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து பத்து நாள். நான் நாலு தடவை பார்த்துவிட்டேன். என் விரலைப் பிடித்தால் விடமாட்டாள். நோரீன் இன்னும் பார்க்கவில்லை.

"யாரு சாயல்?" என்று நேற்று கேட்டாள்.

"மூக்கு என்னோடது."

"பாவம், பொம்பளப் புள்ள."

இன்று காலை டீ கொண்டுபோனேன். ஒரு தம்பதி அவளிடம், "இந்த மாசம் முக்கியமா என்ன பாக்கணும்?" என்று கேட்டார்கள்.

"மேன்லி படகுல போங்க. ரெண்டாவது தெரு, ஒன்பதாம் நம்பர். எம் பேத்தி இருக்கா. பாத்துட்டு, திரும்பும்போது எப்படி இருக்கான்னு எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போங்க."