ஜரிகைப் பக்கம் உள்ளே

எங்கள் வீட்டில் அம்மா, மகள் இரண்டு பேரும் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தோம். அம்மா, பட்டு முதலாளி ஒருவரிடம் புடவை பார்க்கும் வேலையில் இருந்தாள். தறியிலிருந்து அறுத்து வந்த புடவையை வெளிச்சத்தில் விரித்து, இழை விட்ட இடம், எண்ணெய்க் கறை, பார்டர் புடவையின் உடலோடு சேரும் இடத்தில் பிசிறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறி வைப்பாள். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, ஶ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் ஆலையில் திரை பார்க்கும் வேலையில் இருந்தேன். வெள்ளை விளக்கின் அடியில் திரையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் சிவப்புத் தட்டு, இல்லாவிட்டால் பச்சைத் தட்டு.

“ரெண்டு பேருகிட்டயும் மாட்டிக்கினு நான் ஒருத்தன்தான் பாஸே ஆவாம கெடக்கறேன்” என்பார் அப்பா.

இரண்டாயிரத்துப் பத்து வருவதற்குச் சற்று முன்பு, தொடுதிரை போன்கள் எங்கள் ஊர்க் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. இப்போது இருப்பது போன்ற கண்ணாடித் திரை இல்லை. மேலே மெல்லிய பிளாஸ்டிக் இருக்கும். நன்றாக அழுத்தினால்தான் சொன்னபடி கேட்கும். பங்குனித் திருவிழா முடிந்த வாரத்தில் நான் அப்படி ஒன்றை வாங்கினேன். மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் வைத்து, அதன் திரைமேல் ஒட்டியிருந்த ஃபிலிமைப் பிய்த்தேன்.

பஸ்ஸில் செய்ததற்குக் காரணம் உண்டு. என் பக்கத்து சீட்டுக்காரி அதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் திருப்புட்குழியில் ஏறுபவள். அதே ஆலையில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். நான் பச்சைத் தட்டில் வைக்கும் திரைகளின்மேல், பெட்டிக்குள் போகும் முன், குமிழ் இல்லாமல் ஃபிலிம் ஒட்டுவது அவள் வேலை. நான் பிய்த்ததும் அவள் முகம், யாரோ குழந்தையைக் கிள்ளியதைப் பார்த்ததுபோல ஆனது.

“நான் நாள் பூரா குந்திக்கினு ஒட்டறேன். நீ ஒரே இழுப்புல பிச்சிட்டே. கை கூசல?”

“அது கடை வரைக்கும் பத்திரமா வர்றதுக்கு ஒட்டறது. வாங்கினவங்க எடுக்கணும்னுதானே ஓரத்துல காது மாதிரி வச்சிருக்குது?”

“காது இருந்தா பிச்சிடறதா? உனக்குந்தான் ரெண்டு இருக்குது.”

என்னிடம் காரணங்கள் வரிசையாக இருந்தன. ஃபிலிம் ஒட்டினால் அழுத்துவது மந்தமாகும். ஓரத்தில் தூசி சேரும். அந்தத் தூசியே கீறும். கடைக்காரர்கள் பெரிய தாளிலிருந்து பிளேடால் கோணலாக வெட்டி ஒட்டுவார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் சொல்லியிருக்கக் கூடாத ஒன்றையும் சொன்னேன்: “எது கீறும், எது கீறாதுன்னு எனக்குத் தெரியும்டி. அதான் என் வேலையே.”

“தெரிஞ்சவங்க போன்லதான் மொதல்ல கோடு வுழும்” என்றாள் அவள்.

பந்தயம் அங்கேயே தொடங்கியது. வைகாசி கருட சேவை வரை நான் ஃபிலிம் ஒட்டாமல் வைத்திருக்க வேண்டும். அன்று அவள் பெருமாளைப் பார்க்க எங்கள் ஊருக்கு வருவாள். அப்படியே போனையும் பார்ப்பாள். அதுவரை தொடக்கூட மாட்டாள். ஒரு கோடும் இல்லாவிட்டால் சன்னல் சீட்டு எனக்கு. கோடு இருந்தால், பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிக்கொண்டிருந்த, சுற்றிலும் ரோஸ் நிறத்தில் ஹார்ட்டின் படம் போட்டு மினுமினுக்கும் ஃபிலிமை அவள் என் போனில் ஒட்டுவாள். அது தானாக உரிந்து விழும்வரை நான் எடுக்கக் கூடாது.

சன்னல் சீட்டு எத்தனை பெரிய விஷயம் என்பது கம்பெனி பஸ்ஸில் காலை ஷிப்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அவள் எனக்கு முந்திய நிறுத்தத்தில் ஏறுவதால் சன்னல் எப்போதும் அவளுடையது. சித்திரை வெயிலில் காற்று அவள் முகத்தில் அடிக்கும். அவள் தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்குவாள். நான் நடைபாதை ஓரத்தில், சாய எதுவும் இல்லாமல், எல்லாருடைய சாப்பாட்டுப் பையும் தோளில் இடிக்க, தலையை ஆட்டிக்கொண்டே போவேன். என்னைப் பார்த்தால் எதற்கோ ஓயாமல் சம்மதம் சொல்லிக்கொண்டிருப்பவள் மாதிரி இருக்கும். ஹார்ட் படத்தை நினைத்தால் அதைவிட மோசமாக இருந்தது. எங்கள் பிரிவில் நான் கொஞ்சம் கறாரானவள் என்று பேர் எடுத்திருந்தேன். அந்தப் பேருக்கும் ரோஸ் மினுமினுப்புக்கும் ஒத்துவராது.

ஆகவே முறையாக இறங்கினேன். திரையின் எதிரிகளை வரிசைப்படுத்தினேன்: வீட்டுச் சாவி, சில்லறை, சேஃப்டி பின், ஐடி கார்டு கிளிப், வளையல், காதுத் தோடு, எல்லாவற்றுக்கும் மேலாக மணல். சாவி பையின் வெளி அறைக்குப் போனது. சில்லறை பர்சுக்குப் போனது. போன் பேசும்போது வலது காதுத் தோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

“பொண்ணு காதை மூளியா வச்சிக்கினு யார்கிட்ட பேசுது?” என்று அம்மா அப்பாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

மீதி இருந்தது பைக்குள் உராய்வது ஒன்றுதான். ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், பகல் முழுவதும் அது பையில், பை லாக்கரில். அதற்கு ஓர் உறை வேண்டும் என்றேன்.

“துணி தேடிக்கினு ஏன் கடைக்குப் போவணும்?” என்று அம்மா, ரவிக்கைத் துண்டில் மிஞ்சியிருந்த அரக்கு நிறப் பட்டுத் துணியை எடுத்தாள். “பட்டைவிட மெத்துனு லோகத்துல இன்னா இருக்குது?”

எனக்கும் அதற்கு மறுப்பு தோன்றவில்லை. கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். பாஸ். அம்மா அன்று சாயங்காலமே தைத்துக் கொடுத்துவிட்டாள். மிஞ்சிய துண்டு ஓரப் பக்கம் என்பதால் பார்டர் முழுதாக வந்திருந்தது: இரண்டு ஜரிகைப் பட்டைகள், நடுவில் விரல் அகலத்துக்கு வெறும் பட்டு. ஆனால் வெளியே பார்த்தால் அது தெரியாது. ஜரிகைப் பக்கத்தை உள்ளே வைத்துத்தான் அம்மா தைத்திருந்தாள்.

“வெளிய இருந்தா உன் கை வேர்வை பட்டுக் கறுத்துப்பூடும்மா. பொடவையே ஜரிகை உள்ள போற மாதிரிதானே மடிக்கறோம்?”

ஆமாம், அப்படித்தான் மடிப்போம். ஊரில் எல்லாரும் அப்படித்தான். தையல் நேராக இருக்கிறதா, நூல் முனை வெட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, போனை உள்ளே நுழைத்தேன். அவ்வளவு சுகமாக வழுக்கிக்கொண்டு போனது.

சித்திரை நல்லபடியாகக் கழிந்தது. தினம் பஸ்ஸில் அந்த உறையைக் காட்டிப் பெருமை பேசினேன். அவள் சன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டாள். திரையை ஏன் நீயே பார்த்துக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்கலாம். நாள் முழுவதும் திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு வருபவள் வீட்டில் அந்த வேலையைச் செய்யமாட்டாள். பாட்டுக் கேட்பேன், வைத்துவிடுவேன். அம்மாவும், தன் புடவையில் இரண்டு இழை விட்டிருந்ததை, அதை மூன்று கல்யாணத்துக்குக் கட்டிய பிறகுதான் பார்த்தாள்.

கருட சேவைக்கு முந்தின நாள், பரிசோதனைக்குத் தயாராக்குவோம் என்று போனை மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டு போய், ஈரத்துணியால் கைரேகையைத் துடைத்து, வெயிலில் சாய்த்தேன்.

திரை முழுக்கக் கோடு.

மெல்லிய கோடுகள். நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்தால் பளிச்சென்று எழுந்து நிற்கும். வேலைப் பழக்கம் விடவில்லை. எது செய்தது என்று தேட ஆரம்பித்தேன். சாவி என்றால் ஆழமாக, கோணலாக இழுத்திருக்கும். மணல் என்றால் வளைந்து வளைந்து இருக்கும். தோடு என்றால் மேல்முனையில் மட்டும் இருக்கும். இவை எல்லாமே மேலிருந்து கீழாக, ரூலர் வைத்து இழுத்ததுபோல, நெருக்கமாக ஓடின. இடது ஓரத்தில் ஒரு கற்றை, வலது ஓரத்தில் ஒரு கற்றை. நடுவில் விரல் அகலத்துக்குச் சுத்தம்.

இந்த அமைப்பை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டே இடது கையைப் பார்த்தேன். கையில் உறை இருந்தது.

அதைப் புரட்டி உள்பக்கத்தை வெளியே எடுத்துத் திரைமேல் வைத்தேன். பட்டைக்குப் பட்டை பொருந்தியது. பட்டு மெத்தென்றுதான் இருந்தது. ஜரிகை என்பது நூல்மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி. உலோகங்களின் கடினத்தன்மையைப் படித்துப் பரீட்சை எழுதியவள் நான். சேஃப்டி பின்னுக்குப் பயந்து, பின்னைவிட நீளமான கம்பியைச் சுருட்டி, அதற்குள் போனைத் தினமும் இழுத்து இழுத்துத் தேய்த்திருக்கிறேன்.

கீழே ஓடி அம்மாவிடம் இரண்டையும் காட்டினேன். அவள் முதலில் உறையைத்தான் வாங்கினாள். ஜரிகையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் தடவிப் பார்த்தாள்.

“நல்லவேளை, ஜரிகைக்கு ஒண்ணும் ஆவல.”

“அம்மா, போனைப் பாரும்மா!”

போனை வாங்கிச் சாய்த்தாள். நான் ஆலையில் சாய்ப்பது போலவே சாய்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு மரியாதை வந்தது.

“கோடு எவ்ளோ ஒழுங்கா ஓடுது பாரு. பார்டர் ஒரு எடத்துலயும் விலகல. நெய்தவனுக்கு நல்ல கைடி.”

“பந்தயம் போச்சும்மா.”

“எங்கிட்ட வந்தா பாஸ் பண்ணிடுவேன்” என்றாள் அம்மா. அவள் பாஸ் பண்ணியது பார்டரை.

அவள் சொன்னதில் ‘பாஸ்’ என்ற சொல் மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. எங்கள் ஆலையில் ஒரு விதி இருந்தது. கை நீட்டிய தூரத்தில், சாதாரண வெளிச்சத்தில், நேராகப் பார்த்துத் தெரியாத கோட்டைக் கீறலாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. இந்த விதியை நான்தான் புதிதாகச் சேரும் பெண்களுக்கு விளக்குவேன். அந்த விதிப்படி என் போன் பச்சைத் தட்டு.

மறுநாள் கருடன்மேல் பெருமாள் எழுந்தருளி, குடைகள் தேரடிப் பக்கம் நகர்ந்து, கூட்டம் சற்றுக் கலைந்ததும், ஒரு நீர்மோர்ப் பந்தல் ஓரத்தில் அவளைக் கண்டுபிடித்தேன். நெற்றியில் தீர்த்த ஈரத்தோடு, மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

“குடு.”

நான் கொடுக்கவில்லை. என் கையிலேயே நீட்டிப் பிடித்தேன். “ரூல் படி பாரு. கை நீட்டின தூரம். நேரா.”

“யார் கை? என் கை குட்டை” என்று சொல்லிக்கொண்டே பிடுங்கிச் சாய்த்துவிட்டாள். வைகாசி வெயில் அவளுக்குச் சாதகமாக இருந்தது. பிறகு நீர்மோர் ஊற்றுகிறவர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

“இன்னாடி இது, போனுக்குப் பட்டுப் பொடவை கட்டி வுட்ருக்கே!”

நான் உறையை, வெள்ளிக் கம்பியை, விதியை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவள் நிதானமாகக் கேட்டாள்.

“ரூல் படி பாஸ்தான். ஒத்துக்கறேன். ஆனா பந்தயம் கோடு வுழுமா, வுழாதான்னுதானே? பாஸாவுமான்னு யாரு கேட்டா?”

கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விடை எழுதியவளுக்குக் கிடைக்கும் மதிப்பெண்தான் எனக்கும் கிடைத்தது.

அடுத்த வேலைநாள் காலையில் நான் பஸ் ஏறியபோது அவள் மடியில் எல்லாம் தயாராக இருந்தது: மினுமினுக்கும் ஃபிலிம், ஈரத்துணி, காய்ந்த துணி, ஒரு பழைய போன் கார்டு. “உள்ள வா” என்றாள். “சன்னல் பக்கம் குந்து.”

“ஏன்?”

“காத்துல தூசி வருது. நீ குந்தி மறைச்சாத்தான் ஒட்ட முடியும்.”

இடம் மாறினோம். நான் முதுகைச் சன்னலுக்குக் காட்டிக் காற்றை மறைத்தேன். அவள் திரையைத் துடைத்து, ஃபிலிமின் ஒரு முனையை வைத்து, கார்டால் மெல்லத் தள்ளிக்கொண்டே வந்தாள். பஸ் பள்ளத்தில் குதித்தபோதெல்லாம் கையை நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஃபிலிமின் பசை பரவப் பரவ, கோடுகள் ஒவ்வொன்றாக அதற்கடியில் மறைந்தன. முதலில் இடது கற்றை, பிறகு வலது. முடித்து என்னிடம் நீட்டினாள். சாய்த்துப் பார்த்தேன். ஒரு குமிழ் இல்லை, ஒரு கோடு இல்லை. சுற்றிலும் ரோஸ் ஹார்ட்.

“பாஸா?” என்றாள்.

“பாஸ்.”

“அப்ப எழுந்திரு, என் சீட்டு” என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் கார்டைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தாள், தலை எதற்கோ சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து என் தோளில் சாய்த்துவிட்டு, சன்னலை முழுவதுமாகத் திறந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது உறை எனக்காகக் காத்திருந்தது. அம்மா உள்ளே வெள்ளை வேட்டித் துணியில் ஒரு மடிப்பு வைத்துத் தைத்திருந்தாள். என் போனுக்காக இவ்வளவு மெனக்கெட்டாளே என்று நெகிழ்ந்துபோய் அவளைப் பார்த்தேன்.

“தெனம் அந்த போனைப் போட்டு ஒராசிக்கினே இருந்தா, ஜரிகை இன்னாத்துக்கு ஆவும்?” என்றாள்.