என் மாப்பிள்ளையின் சுஃபைரா

என் மாப்பிள்ளை செய்கு முகம்மதைக் கையோடு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் நான் விசிட் விசாவில் சுஃபைராவுக்கு வந்தேன். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. அவர் கடை லைசென்ஸ் மாதக் கடைசியில் முடிகிறது, புதுப்பிக்க வேண்டாம், போதும் சம்பாதித்தது என்று என் மகள் ஹிஃப்ஸாவும் நானும் முடிவு பண்ணி, அவளே டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தாள். அவரிடம் கேட்டோமா என்றால், கேட்கவில்லை. அவர் எதற்கும் மறுப்புச் சொல்கிற ஆள் இல்லை.

எங்கள் காயல்பட்டினத்தில் கணவனை மாப்பிள்ளை என்போம். கிழவனானாலும் மாப்பிள்ளைதான். ஏனென்றால் எங்களில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனால் பெண் எங்கேயும் போக மாட்டாள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். என் உம்மாவின் வீடு எனக்கு வந்தது. ஹிஃப்ஸா கல்யாணத்தோடு அதை அவளுக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது அவள் மாப்பிள்ளை உஸைர் அங்கே இருக்கிறார்.

என் மாப்பிள்ளை லீவில் வந்தால் அந்த வீட்டில் எப்படி இருப்பார் தெரியுமா? நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால்கூட, "சிரமம் இல்லாட்டி" என்று ஆரம்பிப்பார். அவர் குரல் அடுத்த அறைக்குக் கேட்காது. தங்கமான மனுசன் என்று தெருவே சொல்லும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

துபாய் விமான நிலையத்துக்குக் கடை வேனை அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். ரோடு மலைக்குள் நுழைந்து வளைந்து வளைந்து போயிற்று. நான் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரோ வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். இவ்வளவு பேசுகிறவரா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அமீரகம் முடிந்து ஓமன் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது சுஃபைரா. நாலு பக்கமும் மொட்டை மலை, நடுவில் ஒரு கொத்து ஈச்சமரம், வெள்ளை வீடுகள், ஒரு பள்ளிவாசல். மேட்டில் வட்டமாக ஒரு பழைய கல் கோபுரம், அதன் காலடியில் இவர் கடை. கடைக்குப் பின்னால் ஒரு ரூம், ஒரு அடுக்களை. பெட்டியை இறக்கி வைத்தாரோ இல்லையோ, "மொகத்தக் கழுவிட்டு வா, புர்ஜப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார்.

"என்ன புர்ஜு? எனக்கு சாயா வேணும்."

"சாயா எங்க போவுது? வெயில் சாயுறதுக்குள்ள வா புள்ள."

புர்ஜ் என்பது அந்தக் கோபுரம்தான். மூச்சு வாங்க ஏறினேன். பாதி இடிந்து, உள்ளே புறா எச்சம். இதைப் பார்க்கவா என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"இத எதிரிப் படைக்காகக் கட்டுனதுன்னு வர்றவங்க எல்லாம் நெனப்பாங்க. அப்படி இல்ல. தண்ணிக்காகக் கட்டுனது. மலைக்கு அடியில இருந்து வாய்க்கா வருது பாரு, அதுதான் ஃபலஜ். எந்த வீட்டுத் தோட்டத்துக்கு எப்பத் தண்ணின்னு முறை உண்டு. முறை மாத்தி எவனும் திருப்பிடாம இருக்க இங்க உக்காந்து காவல்."

பிறகு வாய்க்காலோரமாகவே நடத்திக்கொண்டு போய் ஒரு ஈச்சந்தோட்டத்தில் நிறுத்தினார். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டுத் தூண்.

"இதுதான் எல்லை. கோடு போட வந்தவங்க வீடு வீடாக் கேட்டாங்களாம், நீ எந்தப் பக்கம்னு. இந்தத் தோட்டத்துக்காரங்க அண்ணன் தம்பி. அன்னிக்கின்னு பாத்து ரெண்டு பேருக்கும் சண்டை. அண்ணன் இந்தப் பக்கம்னான், தம்பி அந்தப் பக்கம்னுட்டான். மறுநாள் ராசியாயிட்டாங்க. ஆனா கோடு போட்டாச்சே." சொல்லிவிட்டு, தன் வீட்டுக் கதையைச் சொன்னதுபோல் சிரித்தார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "இவ்வளவு சொல்றீங்களே, இந்த ஊர்ல நமக்கு ஒரு சாண் நெலம் உண்டா?"

"இல்ல" என்றார். "அதுக்கென்ன?"

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்க வந்தவர் இவர். ஒருநாள் இந்த ஊருக்கு மாவு இறக்க வந்த லாரி அச்சு முறிந்து நின்றுவிட்டது. லாரி சரியாகும்வரை இங்கே இருந்த சின்னக் கடையில் சும்மா உட்காராமல் சாமான்களை எடுத்து அடுக்கி வைத்திருக்கிறார். இப்போது கடைக்குக் கஃபீலாக, அதாவது பெயர் கொடுத்துப் பொறுப்பேற்கிற உள்ளூர்க்காரராக, இருக்கிற சயீதின் வாப்பா அதைப் பார்த்துவிட்டு, நீ இங்கேயே இரு என்றாராம். இது எனக்குத் தெரிந்த கதை. தெரியாததைச் சயீதின் மனைவி மைத்தா சொன்னாள்.

மைத்தா என்னை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள். பேரீச்சம்பழமும் கஹ்வா காப்பியும் வைத்துவிட்டு, பாதி ஹிந்தியும் கடையில் பொறுக்கிய பாதித் தமிழுமாகப் பேசினாள். டி.வி. பார்த்துப் பழகிய என் ஹிந்திக்கு அது போதுமாக இருந்தது. முன்பு கடை கீழே, வாதி என்கிற காட்டாற்றுப் பள்ளத்தின் ஓரம் இருந்ததாம். இடம் வசதியாக இருந்தும், என் மாப்பிள்ளை அதை மேட்டுக்கு மாற்றியே தீர வேண்டும் என்று சயீதின் வாப்பாவோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். மாற்றியபின் வந்த ஒரு பெருமழையில் பழைய இடம் தடம் தெரியாமல் போய்விட்டது. ரோடு அறுந்து கிடந்தபோது எல்லையின் இரண்டு பக்கத்து உலையும் இவர் கடை அரிசியில்தான் கொதித்ததாம். மைத்தாவின் கடைக்குட்டி அப்போது கைக்குழந்தை. பால் பவுடர் டப்பாவைத் தலையில் வைத்துத் தண்ணீருக்குள் இறங்கி வந்தவர் இவர். நீச்சல் தெரியாத மனுசன். இதையெல்லாம் போனில் எனக்கு ஒரு வார்த்தை சொன்னாரா? "இங்க நல்ல மழை" என்றார், அவ்வளவுதான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, நெஞ்சு நிறைந்தும் போயிற்று.

கிளம்பும்போது மைத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அஸ்மத், சேக்கு போறது? கூட்டிப் போறது?" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் காலை அடுக்களையில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். கடைப்பக்கம் ஒரு பெரிய சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவரை எவனோ அடிக்க வந்துவிட்டான் என்று பதறி, மாவுக் கையோடு ஓடினேன். சத்தம் போட்டது என் மாப்பிள்ளை.

குப்பூஸ் ரொட்டி வண்டி தாமதமாக வந்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பஸ் ஏறிப் போய்விட்டன. "நாளைக்கும் இப்படி வந்தா வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிரு, என் ஊர்ப் புள்ளைங்க பட்டினி கெடக்க நான் கடை வைக்கல" என்று ஹிந்தியில் வெளுத்து வாங்கினார். வண்டிக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

அதோடு விட்டாரா? சயீத் தன் பெரிய காரை வாய்க்காலை மூடிய கல்பலகைமேல் கொண்டுவந்து நிறுத்தினார். கஃபீல், லைசென்ஸே அவர் பெயரில். என் மாப்பிள்ளை அவரைப் பார்த்து, "யா சயீத்" என்று ஆரம்பித்து அரபியில் ஒரு பாட்டம் தீர்த்தார். சயீத் காரைப் பின்னால் எடுத்து மண்ணில் நிறுத்திவிட்டு வந்தார். கடையை ஒட்டிய ஓட்டலில் சாயா குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு இது தினப்படி வழக்கம் போலிருக்கிறது.

எனக்குத்தான் இது புதுசு. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. தன் வீடு என்கிற தைரியம் உள்ளவனுக்குத்தான் அந்தக் குரல் வரும். என் உம்மாவின் வீட்டில் எனக்கு வரும். ஹிஃப்ஸாவுக்கு இப்போது வருகிறது. இவருக்கு எங்கள் வீட்டில் அது ஒருநாளும் வந்ததில்லை, இனிமேல் உஸைர் இருக்கிற வீட்டில் வரப்போவதும் இல்லை. சுடச்சுட ஆணம் வைத்துச் சோறு போடலாம், மெத்தை விரிக்கலாம். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து "சிரமம் இல்லாட்டி" என்றுதான் சொல்வார்.

சயீத் வந்தது லைசென்ஸ் விஷயமாகத்தான். புதுப்பிக்கவா, இல்லை கலாஸா, முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். என் மாப்பிள்ளையின் சத்தம் எங்கே போயிற்றோ, பழைய ஆளாகிவிட்டார். என்னைக் காட்டி, "அவ சொல்றதுதான்" என்றார். தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே அது பளபளவென்றுதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஹிஃப்ஸாவின் கால். "உம்மா, வாப்பா என்ன சொல்றாங்க? உங்க ரெண்டு பேருக்கும் ஒதுக்குன மேல் ரூமுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருக்கு. எப்ப ஊருக்கு வாராங்க?"

"உன் வாப்பா அவங்க ஊர்லதான்டி இருக்காங்க" என்றேன். "லைசென்ஸு புதுப்பிக்கச் சொல்லிட்டேன். மேல் ரூம நீங்களே வச்சுக்கங்க."

துணி பிடித்த அவர் கை அப்படியே நின்றது.

"என்ன உம்மா சொல்றீங்க? அப்ப நீங்க?"

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் மாப்பிள்ளை இருக்கும் இடத்துக்குப் போய்க் குடித்தனம் வைத்ததில்லை. ஊர் வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டியதுதான். விழுந்துவிட்டுப் போகிறேன்.

"எனக்கும் இங்கேயே இருக்க விசா போடச் சொல்லப் போறேன்" என்றேன், அவர் காதில் விழும்படியாக. "லீவுக்கு வருவேன். வந்தா வெந்நி மட்டும் போட்டுக் குடு, போதும்."